திரை ஆடினால் யாரை அடிப்பது?

கம்ப்யூட்டர் திரையில் கோடு விழுந்தால் நம் வீடுகளில் முதலில் நடப்பது பரிசோதனை அல்ல, தண்டனை. மானிட்டரின் உச்சந்தலையில் ஒன்று, விலாவில் ஒன்று; அதற்கும் அடங்காவிட்டால் முதுகுப்பக்கம் போய் இன்னொன்று. அடித்தவர் அரை அடி பின்னால் நகர்ந்து, திரை திருந்திவிட்டதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். திருந்தியிருக்காது.

இதை வெறும் முரட்டுத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. சாலிடேரும் டயனோராவும் நடுக்கூடத்தில் வீற்றிருந்த காலத்தில் டிவி பெட்டிகளிடம் இதே அடி வேலை செய்தது. பெட்டிக்குள் சூடு அதிகம். சூட்டில் விரிந்து, ஆறியதும் சுருங்கி, போர்டில் பற்று வைத்த இடங்களில் மயிரிழை வெடிப்பு விழும். மெக்கானிக்குகள் அதை ‘ட்ரை சோல்டர்’ என்பார்கள். ஓங்கித் தட்டினால் விட்டுப்போன இணைப்பு சற்று நேரம் ஒட்டிக்கொள்ளும். படம் வரும், தட்டியவருக்கு அந்த வீட்டில் பொறியாளர் அந்தஸ்தும் வரும். இன்றைய தட்டை மானிட்டரில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே திரவப் படிகம். அதைத் தட்டினால் ஏற்கெனவே இருந்த கோட்டுக்குத் துணையாக இன்னொரு கோடு வரும், அவ்வளவுதான்.

பழைய பொறியாளர் அந்தஸ்தை இன்னும் ராஜினாமா செய்யாத ஒருவர் எல்லார் குடும்பத்திலும் இருக்கிறார். இங்கே அவரை மாமா என்றே வைத்துக்கொள்வோம். மாமாவுக்கு ஒரு மருமகன், அக்காவின் பையன், ஐ.டி.யில் இருக்கிறான். அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் மென்பொருளில் பிழை தேடுவது அவன் வேலை. மானிட்டரின் முதுகை அவன் பார்த்தே வெகுகாலம் ஆயிற்று. ஆனால் ‘கம்ப்யூட்டர் வேலை’ என்று ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. ஆகவே திரை ஆடினால் போன் அவனுக்குத்தான் போகும்.

“மாப்ளே, ஸ்கிரீன் ஆடுதுடா.”

“எப்படி ஆடுது மாமா?”

“எப்படின்னா? சும்மா… ஆடுது.”

“கோடு கோடா வருதா, அலை அலையா வருதா?”

“அதாண்டா பிரச்சினை. உங்க அத்தை கோடுங்கறா. எனக்கு அலையாத் தெரியுது.”

கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், மானிட்டர் வைத்தியமே இந்த ‘எப்படி’யில்தான் இருக்கிறது. ஆடுவதற்கு ஒரு காரணம், மஞ்சளாகத் தெரிவதற்கு வேறு காரணம், பொடிப்பொடியாக மின்னுவதற்கு இன்னொரு காரணம். கோளாறுகள் அனேகமாகத் தம் பெயரைத் திரையிலேயே எழுதிக்காட்டுகின்றன. வாசிக்கும் பொறுமைதான் நமக்கு இருப்பதில்லை.

மாமாவின் கல்வி குண்டு மானிட்டர் காலத்தியது. அந்த மானிட்டருக்குள் இருந்த படக் குழாயின் முதல் வடிவத்தை 1897இல் செய்தவர் ஜெர்மானிய இயற்பியலாளர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன். அவருக்கு 1909இல் மார்க்கோனியோடு சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள், ஆனால் குழாய்க்காக அல்ல, கம்பியில்லாத் தந்திக்காக. குழாயின் கழுத்திலிருந்து எலக்ட்ரான் கற்றை கிளம்பும். கழுத்தைச் சுற்றியுள்ள காந்தச் சுருள்கள் அதை, கோலம் போடும் கையைப் போல, இடமிருந்து வலமாக வரிவரியாக இழுத்துக்கொண்டே கீழே வரும். ஒரு வினாடிக்குள் முழுத் திரையையும் 60 தடவையோ அதற்கு மேலோ இழுத்து முடித்துவிடும். கற்றையை வளைப்பது காந்தம் என்றால், வெளியிலிருந்து எந்தக் காந்தம் கூப்பிட்டாலும் அது போய்விடும் என்றுதானே அர்த்தம்? அங்கேதான் வந்தது வினை.

பாட்டு கணீரென்று கேட்க வேண்டுமென்று ஸ்பீக்கர்களை மானிட்டரின் இரண்டு கன்னங்களிலும் ஒட்டி வைத்தார்கள். ஸ்பீக்கருக்குள் இருப்பது நல்ல கனமான காந்தம். கொஞ்ச நாளில் திரையின் ஓரத்தில் ஊதா நிறத்தில் ஒரு தேமல் படரும், மறு ஓரம் பச்சை பூக்கும். ஸ்பீக்கரை நகர்த்தினாலும் தேமல் சில சமயம் போகாது. காரணம், கண்ணாடிக்குப் பின்னால் கற்றையைச் சரியான வண்ணப் புள்ளிக்கு அனுப்ப ஒரு துளையிட்ட உலோகத் தகடு இருக்கிறது. அந்தத் தகடே காந்தமேறிப் போயிருக்கும். இதற்குத்தான் ‘டீகாஸ்’ என்று ஒரு பொத்தான் வைத்தார்கள். அமுக்கினால் திரையைச் சுற்றியுள்ள சுருளில் மாறுமின்சாரம் பலமாகப் பாய்ந்து, படிப்படியாகக் குறைந்து, தகட்டின் காந்தத்தைக் கலைத்துவிடும். ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம், படம் ஒரு குலுங்கு குலுங்கும், தேமல் காணாமல் போகும். மாமா இதைத் தேவையில்லாதபோதும் அமுக்குவார். விருந்தாளி வந்தால் கட்டாயம் அமுக்குவார்.

இந்த இடத்தில் வாஸ்து சாஸ்திரத்துக்குச் சேர வேண்டிய ஒரு வெற்றியைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. மானிட்டர் தெற்கே பார்க்கக் கூடாது, கிழக்கே பார்க்க வேண்டும் என்று ஒருவர் சொல்லி, மேசையைத் திருப்பிப் போட்டால், திரையில் நிறம் நிஜமாகவே மாறும். பூமியே ஒரு காந்தம்; குண்டு மானிட்டர் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அதற்கேற்ப அந்தக் காந்தம் கற்றையைச் சற்றே தள்ளும். இதற்காகவே வட கோளத்துக்கு ஒரு விதமாகவும் தென் கோளத்துக்கு வேறு விதமாகவும் குழாய்களைச் சரிசெய்து விற்றார்கள். ஐரோப்பாவில் பூமியின் காந்தம் பெரும்பாலும் தரையை நோக்கிக் குத்தி இறங்குகிறது, ஆகவே பெட்டியைத் திருப்பினாலும் பெரிய வித்தியாசம் வராது. நம் தென்கோடியிலோ கதை வேறு. பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலிக்கு அருகே போகிறது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் ஓர் ஆய்வகம் வைத்திருப்பதும் அதனால்தான். அங்கே காந்தம் கிட்டத்தட்டத் தரையோடு படுத்துக் கிடக்கிறது, வடக்கும் கிழக்கும் அதற்கு ஒன்றல்ல. எனவே நெல்லைக்காரர் குண்டு மானிட்டரைத் திசை மாற்றி வைத்தால் பலன் தெரியும். சாஸ்திரம் சொன்னதில் அந்த ஒரு வரியை மட்டும் இயற்பியலும் வழிமொழிகிறது. பிறகு டீகாஸ் பொத்தானை அமுக்கினால் பழைய நிறம் வந்துவிடும், சாஸ்திரி வீட்டுக்குப் போய்விடலாம்.

மாமாவின் ‘ஆடுது’வுக்கும் அந்தக் காலத்தில் ஒரு தெளிவான காரணம் இருந்தது: மேசையின் மேலேயே உட்கார்ந்திருந்த ஸ்டெபிலைசர். அதற்குள் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே அதன் காந்தமும் வினாடிக்கு 50 தடவை துடிக்கிறது. திரையோ 60 தடவை வரைகிறது. இரண்டுக்கும் தாளம் ஒத்துப்போகாமல், மிச்சம் விழுகிற 10ஐப் படம் ஆட்டமாக ஆடித் தீர்க்கும். வினாடிக்கு 10 தடவை எழுத்துகள் நெளியும். மின்சாரம் போய்வந்தால் மானிட்டர் கெடக் கூடாது என்று பாதுகாப்புக்கு வாங்கி வைத்த பெட்டிதான் ஆட்டத்துக்கே காரணம். அதைத் தூக்கித் தரையில், இரண்டு முழம் தள்ளி வைத்தவர்கள் எல்லாரும் குணமடைந்தார்கள்.

கோளாறே இல்லாத கோளாறு ஒன்றும் உண்டு. சோனி 1968இல் அறிமுகப்படுத்திய டிரினிட்ரான் வகைக் குழாயில் துளைத் தகட்டுக்குப் பதிலாக மேலிருந்து கீழாக மெல்லிய உலோக இழைகள். அவை அதிராமல் இருக்கக் குறுக்கே ஒன்றோ இரண்டோ கம்பிகளைக் கட்டியிருந்தார்கள். வெள்ளைப் பக்கத்தைத் திறந்தால் அந்தக் கம்பியின் நிழல் முடியளவு கோடாகத் தெரியும். விலை அதிகமான மானிட்டரை வாங்கியவர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார். ‘சார், அந்தக் கோடு இருந்தாத்தான் இது ஒரிஜினல்’ என்று கடைக்காரர் சொல்வார். கடைக்காரர் ஒருவர் இப்படிச் சொல்லி அது உண்மையாகவும் இருந்த அபூர்வமான சந்தர்ப்பம் அது.

குண்டு மானிட்டர்கள் போய்த் தட்டை மானிட்டர்கள் வந்ததும் காந்தக் கதைகள் முடிந்தன. கேபிள் கதைகள் முடியவில்லை.

ஐ.பி.எம். 1987இல் பி.எஸ்/2 கணினிகளோடு கொண்டுவந்த வி.ஜி.ஏ. இணைப்பு, அந்த நீலத் தலையும் இரண்டு திருகும் கொண்டது, பிறந்து பல தலைமுறை ஆகியும் அரசு அலுவலகங்களிலும் கல்லூரி ஆய்வகங்களிலும் உயிரோடு இருக்கிறது. மூன்று வரிசையில் 15 துளைகள். ஒன்றாம் எண் சிவப்பு, இரண்டு பச்சை, மூன்று நீலம். மாமா வி.ஜி.ஏ. கேபிளைச் செருகும் முறை தனி. மேசைக்கு அடியில் கையை மட்டும் விட்டு, பார்க்காமல், எந்தப் பக்கம் மேலே என்று யோசிக்காமல், ‘போ உள்ளே’ என்று ஒரு தள்ளு. இதில் ஒரு பின் வளைந்துவிடும். எந்தப் பின் வளைந்தது என்பதைத் திரையே அறிவிக்கும். சிவப்பு போனால் திரை முழுக்க நீலப்பச்சை. பச்சை போனால் கத்தரிப்பூ நிறம். நீலம் போனால் வெள்ளையாக இருந்ததெல்லாம் மஞ்சள். அத்தை அதை ‘மஞ்சக்காமாலை’ என்பாள். சொல்லப்போனால் மூன்றாம் எண் பின்னைப் பார் என்று நேரடியாகச் சொல்வதற்கு அது சமம். மாமா மட்டும் ‘கலர் டியூப் வீக்காயிடுச்சு’ என்பார், தட்டை மானிட்டரில் டியூபே கிடையாது என்பதைப் பொருட்படுத்தாமல்.

கேபிளை உருவிப் பார்க்கச் சொன்னால் அடுத்த பீதி. “மாப்ளே, ஒரு பின்னையே காணோம்டா! உடைஞ்சு உள்ளே மாட்டிக்கிச்சு!” நடு வரிசையில் ஒன்பதாம் எண் பின்னைப் பல வி.ஜி.ஏ. கேபிள்களில் தொழிற்சாலையிலேயே வைப்பதில்லை. அது இல்லாமலே அந்தக் கேபிள் பிறந்தது. அந்தக் காணாமல் போன பின்னைத் தேடி டார்ச் அடித்துக்கொண்டு சி.பி.யு.வைச் சாய்த்துக் குலுக்கியவர்கள் நாட்டில் நிறையப் பேர்.

வி.ஜி.ஏ.யில் எழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு மங்கிய எழுத்து நிழலாக விழுந்தால், கேபிள் ரொம்ப நீளம் அல்லது ரொம்ப மலிவு. திருகை முடுக்காமல் விட்டிருந்தாலும் படம் நடுங்கும். எழுத்துகள் மட்டும் கசங்கியிருந்தால் மானிட்டரில் ‘ஆட்டோ’ என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை அமுக்கினால் மானிட்டர் தானே அளவெடுத்துச் சரிசெய்துகொள்ளும். மாமா வீட்டு மானிட்டரிலும் அந்தப் பொத்தான் உண்டு. அதன்மேல் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது.

இந்தக் கட்டத்தில் மருமகன் தன் தொழில் புத்தியைக் காட்டுவான். பிழை தேடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: காரணத்தைத் தேடுவதற்கு முன்னால் இடத்தைத் தேடுவார்கள். படம் கம்ப்யூட்டரில் பிறக்கிறது, கேபிளில் பயணம் செய்கிறது, மானிட்டரில் இறங்குகிறது. குற்றவாளி இந்த மூவரில் ஒருவர். மூவரையும் தனித்தனியாக விசாரிக்க மூன்று சோதனைகள் போதும், ஸ்குரூ டிரைவர்கூட வேண்டாம்.

முதல் சோதனை, ஸ்கிரீன்ஷாட். படம் கேபிளுக்குள் போவதற்கு முன்பே கம்ப்யூட்டரின் நினைவகத்திலிருந்து எடுக்கப்படுவது அது. ஆகவே அந்தப் படத்திலும் கோளாறு பதிவாகியிருந்தால் தவறு கம்ப்யூட்டருக்குள்ளே. படம் சுத்தமாக இருந்தால் சந்தேகம் அதற்கப்பால் உள்ளவர்கள் மேல். எளிதான சோதனைதான். ஆனால் மாமாவிடம் ‘ஒரு படம் எடுத்து அனுப்புங்க’ என்று சொன்னால், அவர் செல்போனால் மானிட்டரையே படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அதில் வானவில் வண்ணத்தில் அலை அலையாக வளையங்கள் ஓடும். போன் கேமராவின் புள்ளிக் கட்டமும் திரையின் புள்ளிக் கட்டமும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் வரும் மாயம் அது. நல்ல மானிட்டரைப் படமெடுத்தாலும் வரும். மருமகன் இல்லாத அலைக்கு வைத்தியம் தேட ஆரம்பிப்பான்.

பிறகு விளக்கிச் சொல்லி, மாமா முறைப்படி ஸ்கிரீன்ஷாட்டே எடுத்துவிடுவார். உடனே அதை அதே மானிட்டரில் திறந்து பார்ப்பார்.

“இதுலயும் கோடு தெரியுதேடா மாப்ளே.”

“மாமா, அதை உங்க மானிட்டர்ல பார்த்தா எப்படி? எனக்கு அனுப்புங்க.”

“என் மானிட்டர்லயே தெரியறது உனக்கு அங்கே எப்படித் தெரியும்?”

தர்க்கசாஸ்திரத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. குடும்பத்தில் இல்லை.

இரண்டாவது சோதனை, மானிட்டரின் சொந்த மெனு. வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் அந்தச் சின்னப் பெட்டியை வரைவது கம்ப்யூட்டர் அல்ல, மானிட்டரே. அந்தப் பெட்டியின் மேலும் கோடு ஓடினால் குற்றவாளி மானிட்டர். பின்னணி கலங்கியிருக்க, மெனு மட்டும் பளிச்சென்று நின்றால் மானிட்டர் நிரபராதி. கேபிளை உருவிவிட்டு ‘சிக்னல் இல்லை’ என்ற அறிவிப்பு வரும்போது கோடு இருக்கிறதா என்று பார்ப்பதும் இதே சோதனைதான்.

மூன்றாவது சோதனைக்குக் கண் திறந்திருந்தால் போதும். கம்ப்யூட்டரைப் போட்டதும், விண்டோஸ் வருவதற்கு முன், கம்பெனிச் சின்னம் தெரியும் சில வினாடிகள் இருக்கின்றனவே, அப்போதே கோளாறு தெரிகிறதா? தெரிந்தால் விண்டோஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது ஏன் முக்கியம் என்றால், தெருமுனை சர்வீஸ் கடையில் எந்த வியாதிக்கும் முதல் மருந்து ஒன்றே: ‘ஓ.எஸ். போட்டுப் பார்த்துடலாம் சார்.’ கேபிளில் பின் வளைந்ததற்கு ஓ.எஸ். போட்டு, மகள் கல்யாண போட்டோக்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் உண்டு. அதன் பிறகும் திரை மஞ்சளாகவே இருந்தது.

விண்டோஸ் வந்த பிறகுதான் கோளாறு தொடங்குகிறது என்றால் சந்தேகம் டிரைவர் மென்பொருள் மேல். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அமுக்கினால் திரை ஒரு முறை கண் சிமிட்டி, கிராபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும். திறந்திருக்கும் கோப்பு எதுவும் மூடாது. நான்கு விசைக்கு இரண்டு கை வேண்டும். மாமாவின் ஒரு கையில் போன் இருக்கும். பி-யை அமுக்க அத்தையைக் கூப்பிடுவார். அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வந்து அமுக்கிவிட்டு, ‘இதுக்கா?’ என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள்.

கோளாறே அல்லாமல் வெறும் அமைப்பு மாறிக் கிடக்கும் சம்பவங்கள் இன்னும் ருசியானவை. இன்டெல் கிராபிக்ஸ் உள்ள பல பழைய விண்டோஸ் கணினிகளில் கன்ட்ரோல், ஆல்ட், கீழ் அம்பு மூன்றையும் அமுக்கினால் முழுத் திரையும் தலைகீழாகும். பேரப்பிள்ளைகளின் உள்ளங்கைக்கு இந்த மூன்று விசைகளும் ஒரே வீச்சில் எட்டும். திரை தலைகீழானதும் குடும்பம் கூடி ஆலோசித்து, மானிட்டரையே தலைகீழாகப் புத்தக அடுக்கின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, ‘ஒரு மாதிரி அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டோம்’ என்று சொன்ன கதைகளை எந்த சர்வீஸ் ஆளும் சொல்வார். மேல் அம்போடு அதே விசைகளை அமுக்கினால் நிமிர்ந்துவிடும். திரை திடீரென்று கறுப்பு வெள்ளையாகிவிட்டால், ‘கலர் ஃபில்டர்’ என்ற வசதி தெரியாமல் இயங்கியிருக்கலாம். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக விண்டோஸ் வைத்திருக்கும் வசதி அது, அமைப்புகளில் போய் அணைத்தால் வண்ணம் திரும்பும்.

எழுத்துகள் குண்டாக, மங்கலாக, விளிம்பு கரைந்து தெரிந்தால் கண் டாக்டரிடம் போவதற்கு முன் ரெசொல்யூஷனைப் பார்ப்பது உத்தமம். 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட மானிட்டருக்கு 1366க்கு 768 என்று அமைத்துவிட்டால், ஒரு புள்ளியை ஒன்றரைப் புள்ளியாக வரைய முடியாமல் மானிட்டர் பூசிமெழுகும். மாமா மூக்குக்கண்ணாடியை மாற்றிய பிறகுதான் இந்த உண்மை வெளியே வரும்.

இப்போது பெரும்பாலான வீடுகளில் எச்.டி.எம்.ஐ. வந்துவிட்டது, அதன் முதல் வடிவம் 2002 டிசம்பரில் வெளியானது. இது டிஜிட்டல் என்பதால் கோளாறின் குணமே வேறு. வி.ஜி.ஏ. கேபிள் மெல்ல மெல்ல நோய்வாய்ப்படும்: முதலில் நிழல், பிறகு நடுக்கம், பிறகு நிறமாற்றம். எச்.டி.எம்.ஐ. கடைசிவரை ஆரோக்கியமாக நடித்துவிட்டு, ஒருநாள் திரையெங்கும் வெள்ளைப் பொடி மினுக்கும், அல்லது படம் இரண்டு வினாடி இருண்டு திரும்பி வரும். பூஜ்யமும் ஒன்றும் சரியாகப் போய்ச்சேர்ந்தால் படம் முழுதாக வரும், சேராவிட்டால் வராது. இடையில் ‘கொஞ்சம் கலர் கம்மி’ என்று எதுவும் கிடையாது. ஆகவே சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ‘தங்க முலாம் போட்டது சார், கலர் தூக்கலா இருக்கும்’ என்று எடுத்துக் காட்டினால், தங்கம் துருப்பிடிக்காமல் காக்கும், சிவப்பை மேலும் சிவப்பாக்காது என்று தெரிந்துகொண்டு பேரம் பேசலாம். கேபிளிலும் இரு முனைகளிலும் எந்தப் பதிப்பு என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. 2009இல் வந்த 1.4 பதிப்பில் 4கே படம் வினாடிக்கு 30 தடவைக்கு மேல் ஓடாது. 2013இல் வந்த 2.0தான் அதை 60 ஆக்கியது. புது 4கே மானிட்டரில் மவுஸ் அம்பு திக்கித் திக்கி நகர்ந்தால், எங்கோ ஒரு முனை இன்னும் பழைய பதிப்பில் இருக்கிறது.

மாமாவின் புகார்களிலேயே மருமகன் நம்பாத ஒன்று உண்டு. “நான் நாற்காலியில இருந்து எழுந்தா ஸ்கிரீன் ஆஃப் ஆகுதுடா.” இதைக் கேட்டு அவன் அம்மாவிடம் ரகசியமாகப் போன் செய்து, மாமாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். ஆனால் இது உண்மையிலேயே நடக்கிற விஷயம். யு.எஸ்.பி. வழியாக மானிட்டர்களை இணைக்கும் தொழில்நுட்பத்தைச் செய்யும் டிஸ்பிளேலிங்க் நிறுவனம், தன் வாடிக்கையாளர்களுக்கான குறிப்பிலேயே இதைச் சொல்கிறது: உயரம் கூட்டிக் குறைக்கும் கேஸ் லிஃப்ட் நாற்காலியில் உட்காரும்போதோ எழும்போதோ மின்காந்தத் துடிப்பு ஒன்று கிளம்பலாம், அதை வீடியோ கேபிள் வாங்கிக்கொண்டால் மானிட்டர் சிக்னலைத் தவறவிட்டுச் சற்று நேரம் இருண்டுவிடும். உறை சரியாகப் போர்த்திய நல்ல கேபிள் போட்டால் தீரும். சில கேபிள்களின் கழுத்தில் உருண்டையாக ஒன்று புடைத்திருக்கிறதே, அந்த ஃபெரைட் வளையமும் இப்படிப்பட்ட தொல்லைகளை உறிஞ்சத்தான். ‘அசிங்கமாக இருக்கிறது’ என்று அது இல்லாத கேபிளாகப் பார்த்து வாங்கியது அத்தை.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. எல்.ஜி. நிறுவனத்தின் அல்ட்ராஃபைன் 5கே மானிட்டர், 27 அங்குலம், ஆப்பிள் கடைகளிலேயே விற்கப்பட்ட விலையுயர்ந்த சரக்கு. 2017 தொடக்கத்தில் அதை வாங்கியவர்கள் திரை துடிக்கிறது, இருண்டு போகிறது என்றார்கள். காரணம், பக்கத்தில் இருந்த வைஃபை ரவுட்டர். இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள் என்று நிறுவனம் சொன்னது. பிறகு செய்த மானிட்டர்களுக்குள் தடுப்புக் கவசத்தைப் பலப்படுத்தியது. மாமா வீட்டில் ரவுட்டர் மானிட்டரின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பூச்செண்டு.

கேபிள், அமைப்பு, அக்கம்பக்கம் எல்லாம் சுத்தம் என்றால்தான் உறுப்புகளைச் சந்தேகிக்க வேண்டும். திரையெங்கும் சின்னச்சின்னச் சதுரங்கள், சதுரங்கப் பலகை, விளையாடும்போது திசைக்கொன்றாகப் பாயும் வண்ண முக்கோணங்கள், ஸ்கிரீன்ஷாட்டிலும் அவை விழுகின்றன என்றால் அது கிராபிக்ஸ் கார்டு. முதலில் அதன் விசிறியில் அடைத்திருக்கும் தூசியை ஊதி எடுக்க வேண்டும். சூடுதான் அதற்கு எமன். எந்த அளவுக்கு என்றால், 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், மடிக்கணினிகளுக்குள் பழுதான தன் சில்லுகளுக்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. வீட்டு மட்டத்தில் இதற்கு ஒரு வினோத வைத்தியமும் உலகெங்கும் பரவியது: கார்டைக் கழற்றி சமையலறை ஓவனில் வைத்து வேகவைப்பது. விட்ட பற்று உருகி ஒட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கை. ஈயமில்லாப் பற்று உருக 217 டிகிரியாவது வேண்டும். பலர் 200க்குள்ளேயே நிறுத்தினார்கள். உருகியது எதுவும் இல்லை, விரிந்து தொட்டுக்கொண்டதுதான். சில வாரத்தில் கோடு திரும்பியது, ஓவனில் பிளாஸ்டிக் வாடை நின்றது. மாமா இதைக் கேள்விப்பட்டு ஆர்வமானார். கேக் செய்யும் ஓவன் அத்தையுடையது என்பதால் தொழில்நுட்பம் அந்த வீட்டுக்குள் நுழையவில்லை.

மானிட்டரே குற்றவாளி என்று மெனு சோதனை சொல்லிவிட்டால், கோட்டின் திசையைப் பார்க்கலாம். மேலிருந்து கீழாக ஒரே இடத்தில் அசையாத கோடு என்றால், அனேகமாகக் கண்ணாடி விளிம்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய நாடா இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. சட்டத்தை விரலால் அமுக்கினால் கோடு போய்ப்போய் வரும். வீட்டில் ஒட்டும் வேலை அல்ல அது. திரை முழுக்க இருட்டு, ஆனால் சத்தம் வருகிறது என்றால், டார்ச்சைத் திரைமேல் சாய்த்து அடித்துப் பார்க்க வேண்டும். மங்கலாகப் படம் தெரிந்தால் படம் உயிரோடு இருக்கிறது, பின்னால் எரியும் விளக்குதான் அணைந்திருக்கிறது. போட்டவுடன் வெகுநேரம் மின்னிமின்னிப் பிறகு நிலைத்தால், பவர் போர்டில் கண்டன்சர் வீங்கியிருக்கலாம். கொஞ்சம் காசில் மெக்கானிக் மாற்றித் தருவார். இப்படி ஒரு கண்டன்சருக்காகக் காயலான் கடைக்குப் போன மானிட்டர்களின் எண்ணிக்கை கொஞ்சநஞ்சமல்ல.

ஒரே ஒரு புள்ளி மட்டும் எரியாவிட்டால்? 1920க்கு 1080 திரையில் 20 லட்சத்துக்கு மேல் புள்ளிகள். 2001இல் வந்த ஐ.எஸ்.ஓ. 13406-2 தர விதியில், பரவலாகப் பின்பற்றப்பட்ட இரண்டாம் வகுப்பு, 10 லட்சம் புள்ளிக்கு 2 எப்போதும் எரிவதையும் 2 எரியவே எரியாததையும் அனுமதித்தது. ஆகவே கடைக்காரர் ‘ஒண்ணுதானே சார்’ என்றால் அவர் பக்கம் ஒரு சர்வதேச அமைப்பே நின்றது.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் தீர்ப்பு இதுதான்: விலை உயர்ந்த உறுப்பைச் சந்தேகிப்பது நம் சுபாவம், கெட்டுப்போவதோ பெரும்பாலும் மலிவான உறுப்பு. மானிட்டரைப் போர்வையில் சுற்றி பைக்கின் பின்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போவதற்கு முன், மூன்று சோதனைகளையும் செய்துவிட்டு, கேபிளை மட்டும் மாற்றிப் பாருங்கள். பரணில் குண்டு மானிட்டர் இருந்தால் அதன் மூடியைத் திறந்து பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். அதற்குள் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடியது, அணைத்த பிறகும் குழாய் கொஞ்சம் தேக்கி வைத்திருக்கும். அதன் கண்ணாடியில் ஈயம் இருப்பதால் குப்பைத்தொட்டியிலும் போடக் கூடாது, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்க வேண்டும்.

மாற்றிப் பார்க்கக் கேபிள் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள், கொடுப்பார்கள். படம் சரியாக வந்துவிட்டால், கடைக்குப் போய்ப் புதுசு ஒன்று வாங்கிக்கொண்டு, கடன் வாங்கியதைத் தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.